மூட்டை உப்பு எங்கே போகும்?

சண்முகவடிவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது கோட்டூர்புரத்தில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு முழுக்கத் தெரிந்த சங்கதி. தி.நகரில் புருஷன் தனபாலனோடு சேர்ந்து எவர்சில்வர் பாத்திரக் கடை நடத்துகிறவள். நாள் முழுக்கப் பேரம் பேசிப் பேசித் தொண்டை கட்டையாகிவிட்டது. அந்தத் தொண்டையில் அவள் "என்ன தம்பி" என்று ஆரம்பித்தாலே வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். அவளிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் அந்தக் கட்டடத்தில் குறைவு.

அவள் தோட்டத்தில்தான் கை வைக்கப் பார்த்தார்கள்.

கட்டடத்துக்குப் பின்பக்கம், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நீளமாக ஓர் இடம். பில்டர் உடைந்த செங்கல்லும் சிமெண்ட் கட்டியும் கொட்டிவிட்டுப் போன இடம். யாரும் எட்டிப்பார்க்காத காலத்தில் சண்முகவடிவுதான் அதைச் சுத்தம் பண்ண வைத்தாள். ராயப்பேட்டையிலிருந்து வருகிற தோட்டக்காரர் இனாயத்தை வைத்துக்கொண்டு கறிவேப்பிலை, வாழை, செம்பருத்தி, நந்தியாவட்டை என்று ஒவ்வொன்றாக நட்டாள். கடையில் பகலெல்லாம் தகரச் சத்தம். சாயங்காலம் வந்து அந்தச் செடிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றால்தான் அவளுக்கு மனுஷியாக இருப்பதுபோல் இருக்கும். நகை வாங்கித் தருகிறேன் என்று தனபாலன் சொன்னபோதெல்லாம் வேண்டாம் என்றவள், மண்ணுக்கு எரு வாங்கும்போது மட்டும் கணக்குப் பார்த்ததே இல்லை.

அந்தத் தோட்டம் போன வருஷத்திலிருந்து சீக்காளியாகிவிட்டது. கறிவேப்பிலை இலையெல்லாம் ஓரம் தீய்ந்து சுருண்டது. வாழை குருத்து விடாமல் முரண்டு பிடித்தது. ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே குளமாக நின்றது. காய்ந்தால் மண் சிமெண்டுத் தரை மாதிரி இறுகி வெடித்தது. மேலே தண்ணீர் நிற்கிறது, கீழே வேர் தாகத்தில் சாகிறது. இனாயத் மண்வெட்டியைப் போட்டால் டங்கென்று சத்தம் வந்தது.

இனாயத் கண்டபடி தண்ணீர் ஊற்றி, கண்டபடி உரம் போட்டுக் கெடுத்துவிட்டார் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு எழுந்தது. பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் எழுந்தது. எப்படியும் பட்டுப்போன தோட்டம்தானே, பேவர் பிளாக் கல் பதித்து கார் நிறுத்திக்கொள்ளலாமே! அப்படி வாருங்கள் வழிக்கு. வாங்கும்போது எங்கே நிறுத்துவோம் என்று யோசிக்காமல் வீட்டுக்கு இரண்டு கார் வாங்கிவிட்டு, ஒன்றைத் தெருவில் காக்காய் எச்சத்துக்குக் கீழே விட்டுவைத்திருக்கிறவர்களுக்கு அந்த இடத்தின் மேல் எவ்வளவு நாளாகக் கண் இருந்ததோ.

சங்கச் செயலாளர் ஸ்ரீவத்சன் மயிலாப்பூர்க்காரர். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. கெட்டவர் இல்லை, ஆனால் எதையும் ஒரு எண்ணாகப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். கையில் எப்போதும் டி.டி.எஸ். பேனா வைத்திருப்பார். தண்ணீரில் முக்கினால் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுமே, அதேதான். இந்த ஊரில் தண்ணீருக்குப் பயந்த எந்த வீட்டிலும் ஒன்று இருக்கும். வாரா வாரம் தோட்டத்துத் தண்ணீரில் முக்கி, எண்ணைப் போட்டோ எடுத்து வாட்ஸாப் குழுவில் போடுவார். எண் எப்போதும் நல்லபடியாகவே இருந்தது. தண்ணீரில் குறை இல்லை, ஆகவே குறை இனாயத்திடம் என்று முடிவாயிற்று.

சண்முகவடிவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அந்த மனுஷர் அன்று போட்ட உரத்தைத்தான் இன்றும் போடுகிறார், அன்று ஊற்றிய அளவுதான் இன்றும் ஊற்றுகிறார். அப்படியென்றால் மாறியது எது? தோட்டத்துக்குப் பாய்வது குளியலறை, சமையலறை, கக்கூஸ் எல்லாவற்றின் கழிவுநீரையும் அடித்தளத்தில் சுத்திகரித்து வருகிற தண்ணீர். அவள் ஒரு கேனில் அந்தத் தண்ணீரையும் ஒரு பையில் மண்ணையும் அள்ளிக்கொண்டு, கடைக்குப் போவதற்கு முன்னால் ராயப்பேட்டையில் ஒரு மாடியில் இருந்த பரிசோதனைக்கூடத்துக்கு ஏறினாள்.

அங்கே வேதியியல் பார்க்கிற பெண் பெயர் வஜீஹா. முடிவு வந்த அன்று அவள் முதலில் கேட்ட கேள்வியே வேறு மாதிரி இருந்தது. உங்கள் பில்டிங்கில் தண்ணீரை மென்மையாக்குகிற சாஃப்ட்னர் மெஷின் இருக்கிறதா என்று கேட்டாள்.

இருக்கிறதாவது! போர்வெல் தண்ணீர் கடினமாக இருக்கிறது, தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது என்று குழுவில் சீப்புப் போட்டோவாக வந்து விழுந்து, ஊர்கூடித் தேரிழுத்து, போன வருஷம்தான் அதை வைத்தார்கள். அதற்குப் பிறகு வாசலில் உப்பு மூட்டை வந்து இறங்காத வாரம் இல்லை.

வஜீஹா பொறுமையாகச் சொன்னாள். சாஃப்ட்னர் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விட்டுவிடும். மூட்டை உப்பு அதற்குத்தான். மெஷினைக் கழுவிவிடுகிற உப்புக் கரைசலும் சாக்கடைக்குத்தான் போகிறது. கழிவுநீரைச் சுத்தம் செய்கிற தொட்டி நாற்றத்தை எடுக்கும், அழுக்கை எடுக்கும், உப்பை எடுக்காது. பேனா மொத்த உப்பைத்தான் காட்டும், எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. பாசனத்துக்குப் பார்க்க வேண்டியது, சோடியம் எவ்வளவு, அதை எதிர்த்து நிற்கக் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்கிற விகிதம்.

"ஒன்பதைத் தாண்டினாலே பயப்படணும் ஆன்ட்டி. உங்களுது இருபத்தி நாலு," என்றாள் வஜீஹா. "களிமண் துகள் எல்லாம் ஒண்ணையொண்ணு கை கோத்துக்கிட்டு நிக்கும். கோத்து வைக்கறது கால்சியம். சோடியம் உள்ள புகுந்தா கை விட்டுப்போயிடும். அப்புறம் அது மண்ணு இல்ல, பூச்சு."

இதற்கு மருந்து உண்டா என்று கேட்டாள் சண்முகவடிவு. ஜிப்சம் போட்டுக் கொத்தி, சாஃப்ட்னருக்குப் போகாத நல்ல தண்ணீராக ஊற்றிக் கழுவிவிட்டால் மண் மெல்லத் திரும்பும்; ஆனால் இந்தத் தண்ணீர் வருவது நிற்காமல் எதைப் போட்டாலும் பிரயோஜனமில்லை என்றாள் வஜீஹா. சண்முகவடிவு படியிறங்கும்போது அவளுக்கு இன்னொன்று நினைவுக்கு வந்து, படியிலேயே நின்று தலையில் அடித்துக்கொண்டாள். இலை தீய ஆரம்பித்ததும் ஸ்ரீவத்சன் பெரிய மனசு பண்ணி, பாவம் செடிகளுக்கும் கடினத் தண்ணீர் ஆகாது என்று சாஃப்ட்னரிலிருந்தே தோட்டத்துக்குத் தனியாக ஒரு குழாய் போட்டுக் கொடுத்திருந்தார். கழிவுநீரோடு அதுவும் கலந்து பாய்ந்துகொண்டிருந்தது. தலைமுடிக்கும் வேருக்கும் ஒரே வைத்தியம்! குழுவில் அதற்குக் கைதட்டல் பொம்மைகள் வேறு வரிசையாக வந்தன.

பொதுக்குழு அன்று அவள் இரண்டு கண்ணாடிப் பாட்டிலோடு போனாள். இரண்டிலும் தோட்டத்து மண், இரண்டிலும் வீட்டு ஆர்.ஓ. தண்ணீர். முதல் நாளே குலுக்கி வைத்தது. ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை ஜிப்சம். ஜிப்சம் போட்டதில் மண் அடியில் உட்கார்ந்து, மேலே தண்ணீர் தெளிந்திருந்தது. மற்றது பால் அதிகம் ஊற்றிய டீ மாதிரி அப்படியே கலங்கி நின்றது. அவள் பரிசோதனை முடிவைப் படித்தாள். வாரா வாரம் நாம் கொட்டுகிற மூட்டை உப்பு எங்கே போகிறது என்று யாராவது ஒருத்தர் கேட்டிருக்கிறீர்களா என்று கேட்டாள். ஜிப்சம் என்றால் ஏதோ அபூர்வ மருந்து இல்லை, உங்கள் வீட்டு ஃபால்ஸ் சீலிங்கில் தலைக்கு மேலே தொங்குகிறதே அதே சமாச்சாரம்தான் என்றபோது நாலைந்து பேர் அண்ணாந்து பார்த்தார்கள். கூட்டத்தில் ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே அவள் நினைத்தாள்.

ஸ்ரீவத்சன் பாட்டிலைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் பேசினார்.

"ரொம்ப நன்னா விளக்கினேள் ஆன்ட்டி. இனாயத் மேல தப்பில்லைன்னு மினிட்ஸ்ல எழுதிடறேன். ஆனா நீங்களே சொல்லிட்டேள், மண்ணு செத்துப்போயிடுத்துன்னு. அப்புறம் எதுக்குத் தோட்டம்னு வச்சிண்டிருக்கணும்?"

அவள் கொண்டுபோன அரிவாளையே அவள் கழுத்தில் வைத்துவிட்டார். செத்துப்போனது என்று நான் எப்போது சொன்னேன், சீக்கு என்றுதானே சொன்னேன் என்று அவள் கத்தியது கைதூக்குகிற சலசலப்பில் காணாமல் போயிற்று. சாஃப்ட்னரை நிறுத்தலாம் என்று ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. தோட்டத்தை மூடலாம் என்று கைகள் மளமளவென்று எழுந்தன. கூடவே உட்கார்ந்திருந்த தனபாலன் மட்டும் தூக்கவில்லை. பெண்டாட்டிக்குப் பயந்தா பாசத்திலா என்று அவருக்கே தெரியாது.

தோட்டத்தை மூடிவிட்டால் இந்தத் தண்ணீரை எங்கே விடுவீர்கள் என்று கேட்டாள் அவள். மழைநீர் வடிகாலில் விட முடியாது, விட்டால் அபராதம். அதையும் யோசிச்சாச்சு என்று பெருமையாகச் சொன்னார் ஸ்ரீவத்சன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ருக்சார் என்று ஒரு அம்மா குத்தகை நிலத்தில் கீரை போடுகிறார். அவருடைய கிணறு கோடையில் வற்றிவிடுகிறது. டேங்கரில் சும்மாவே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம், நமக்கும் புண்ணியம்.

சண்முகவடிவு ரிப்போர்ட்டை மேலே தூக்கிப் பிடித்தாள். "அந்தப் பொம்பளைக்கு இது தெரியுமா? இந்த ரிப்போர்ட்டைக் காட்டினீங்களா?" என்றாள்.

டி.டி.எஸ். சொல்லியிருக்கேன் என்றார் ஸ்ரீவத்சன். சொல்லிவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் அவர் வீடு தேடி வந்தார். கையில் ஆப்பிள் பை வேறு. சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார். கமிட்டியில் கலந்து பேசிவிட்டார்களாம். தோட்டம் முழுசாக ஆன்ட்டிக்கே இருக்கட்டுமாம். பேவர் கிடையாது. போரிலிருந்து நேரே தனிக் குழாய், ஜிப்சம் செலவும் சங்கத்தினுடையது. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்கள். அந்த ரிப்போர்ட் கட்டடத்தை விட்டு வெளியே போக வேண்டாம். டேங்கர் ஏற்பாடு நடக்க வேண்டும், சாஃப்ட்னர் ஓட வேண்டும், யாருக்கும் சங்கடம் கூடாது. யோசித்துச் சொல்லுங்கள் என்று பையை வைத்துவிட்டுப் போனார்.

தனபாலனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"உனக்கு வேண்டியது தோட்டந்தானே வடிவு? முழுசாக் கொடுத்துட்டான். இதுக்கு மேல என்ன வேணும்? யாரோ ஒரு பொம்பளைக்காக நீ ஏன் சாமியாடுத?"

அவள் பால்கனிக்குப் போனாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு ஆசை வந்தது. ரொம்பவே வந்தது. பால்கனியிலிருந்து பார்த்தால் கீழே கறிவேப்பிலை தெரியும். ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் பாய்ந்து, அது மறுபடி தளிர்ப்பதை மனசில் பார்த்துவிட்டாள். அந்தக் கீரைக்காரி யார், கறுப்பா சிவப்பா, நமக்கென்ன? ஒரு தலையாட்டல். அவ்வளவுதான் வேலை. அவள் ஒரு ஆப்பிளை எடுத்துக் கழுவி நறுக்கக்கூடச் செய்தாள். நறுக்கியவள் தின்னவில்லை. தன் தோட்டத்தில் மண்வெட்டி டங்கென்று விழுந்த சத்தம் இன்னொருத்தி நிலத்திலும் கேட்கப்போகிறது என்று தோன்றிவிட்டது. எனக்கு வந்த சீக்கை நானே மூட்டை கட்டி அடுத்தவள் வாசலில் இறக்கிவிட்டு, அதற்குக் கூலியாகத் தோட்டத்தை வாங்கிக்கொள்வதா! தூ, என்று அவளுக்கு அவள் மேலேயே வந்தது.

"ஏங்க, அந்தப் பைய அவர் வீட்டுக் கதவுல மாட்டிட்டு வாங்க," என்றாள்.

காலையில் அவள் கடைக்குப் போகவில்லை. இனாயத்தைக் கூட்டிக்கொண்டு, தோட்டத்திலிருந்து ஒரு காய்ந்த மண் கட்டியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு ஆட்டோ ஏறினாள். தோட்டம் போய்விடும் என்று தெரிந்தேதான் ஏறினாள். பாலத்தைத் தாண்டும்போது இனாயத், வேணாம்கா, அவங்க கோபம் உன் மேல திரும்பும் என்றார். திரும்பட்டும், எனக்கு மட்டும் கோபம் வராதாக்கும் என்றாள்.

ருக்சாரின் நிலம் பச்சைப்பசேல் என்று இருந்தது. அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை எல்லாம் பாத்தி பாத்தியாக. நாற்பது வயசு இருக்கும் ருக்சாருக்கு, குத்துக்காலிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். மயிலாப்பூர் மாட வீதிக்கும் ராயப்பேட்டை மார்க்கெட்டுக்கும் விடிகாலையில் கீரை போவது அங்கிருந்துதான். சண்முகவடிவு விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"இன்னாமா நீ, கெணத்துல தண்ணி அடி தொட்டுக்கினு கீது. சும்மா குடுக்கறேன்றாங்க, அதையும் வாணாம்னு சொல்ல வந்துகிறியா? மீட்டர் வச்சுக் காட்டினாரே அந்த சாரு."

சண்முகவடிவு வாதாடவில்லை. பேப்பரைப் பிரித்து மண் கட்டியை எடுத்து நீட்டினாள். இதை உடை என்றாள். ருக்சார் அலட்சியமாக வாங்கி விரலால் நெரித்தாள். நடக்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினாள். கிணற்றுத் திட்டில் தட்டினாள். திட்டில் சிமெண்ட் பெயர்ந்ததே தவிர கட்டி உடையவில்லை. அவள் தன் பாத்தியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். அது விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"இதுவும் இப்டித்தான் இருந்துச்சா?" என்றாள் கடைசியில்.

"இதைவிட நல்லாவே இருந்துச்சு. அந்தத் தண்ணி ஒரே வருசம்தான் பாஞ்சுது," என்றாள் சண்முகவடிவு. கட்டியை ருக்சார் கையில் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

ருக்சார் கட்டியை மெல்லத் திட்டின் மேல் வைத்தாள். கோடையை எப்படித் தாண்டுவாய் என்று சண்முகவடிவு கேட்டதற்கு, பாதிப் பாத்தியைக் காயப் போடுவேன், மீதியில் பொழைப்பேன், போன வருஷமும் அப்படித்தானே என்றாள். ரிப்போர்ட்டை வாங்கிப் படித்துப் பார்க்கக்கூட இல்லை. கிளம்பும்போது ஒரு கட்டு சிறுகீரையைச் சண்முகவடிவின் கையில் திணித்துவிட்டுக் களை பிடுங்கத் திரும்பிவிட்டாள்.

அடுத்த வாரம் பேவர் பிளாக் லாரியில் வந்து, தோட்டத்து வாசலில் அடுக்கடுக்காக இறங்கியது. வாட்ஸாப் குழுவில் சண்முகவடிவுக்கு விழுந்த அர்ச்சனை கொஞ்சநஞ்சமல்ல. ரிப்போர்ட்டை வெளியே கொண்டுபோய்க் கட்டடத்தின் மானத்தை வாங்கிவிட்டாள் என்றார்கள், வீட்டு விலை விழும் என்றார்கள், பாத்திரக் கடைப் புத்தி என்றுகூட ஒரு மகராசி எழுதினாள். அவள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் படித்தாள். பதிலுக்கு ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அதே குழுவில் போட்டாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பாத்திரக் கடைப் புத்திதான், சரக்கு போகிற வரைக்கும் கூவிக்கொண்டே இருக்கும்.

வெள்ளிக்கிழமை டேங்கர் நிறைய ஏற்றிக்கொண்டு போயிற்று. நிறைய ஏற்றியபடியே திரும்பி வந்தது. ருக்சார் வரப்பிலேயே நின்று கையைக் குறுக்கே நீட்டிவிட்டாளாம். ஒரு சொட்டு இறங்கக் கூடாது என்றாளாம். டிரைவர் பக்கத்துச் செடி நர்சரியில் கேட்டிருக்கிறார், அவர்களுக்கும் சேதி போயிருந்தது. பேவர் வேலைக்காகத் தோட்டத்து மடையையும் அடைத்திருந்ததால், அதற்குள் கீழே சுத்திகரிப்புத் தொட்டி விளிம்பைத் தொட்டுவிட்டது. கட்டடத்தில் யாரும் குளிப்பதையோ கழுவுவதையோ நிறுத்தவில்லையே. தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவர், சார், நாளைக்குக் காலையில் கார் பார்க்கிங்கில் கணுக்கால் வரை நிற்கும் என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் சண்முகவடிவின் வீட்டு மணி அடித்தது. ஸ்ரீவத்சன் நின்றிருந்தார். முகத்தில் தூக்கம் இல்லை. டி.டி.எஸ். பேனாவும் இல்லை.

"ஆன்ட்டி, ஒரு ஹெல்ப். பேவர் வேலையைத் தள்ளி வச்சுட்டோம். தண்ணி நிரம்பிண்டு வரது, போக வழியில்லை. ரெண்டு நாளைக்குத் தோட்டத்துல திறந்து விட்டுக்கறோம். இனாயத் நீங்க சொல்லாம மடையைத் தொடமாட்டேங்கறார்."

சண்முகவடிவு நிலைப்படியை விட்டு நகரவில்லை. உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை. அவளுக்குள் இத்தனை நாளாகக் கொதித்தது எல்லாம் அப்போது ஒரு நிதானத்துக்கு வந்திருந்தது.

"மண்ணு செத்துப்போச்சுன்னு கையத் தூக்கினீங்கல்லா தம்பி. செத்ததுக்கு எதுக்குத் தண்ணி?"

அவர் மென்று முழுங்கினார். அன்றைக்குச் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று இழுத்தார். கூட்டம் போட்டுத்தான் சாஃப்ட்னர் விஷயத்தை முடிவு பண்ண முடியும், அதுவரைக்குமாவது என்றார்.

"தோட்டத்துல அந்த உப்பு இனி ஒரு சொட்டு இறங்காது. ருக்சார் நிலத்துலயும் இறங்காது. மெஷினை இப்ப நிறுத்துங்க. தொட்டியில நிக்குததைக் காசு கொடுத்துக் கழிவுநீர் லாரியில ஏத்திவிடுங்க. அப்புறம் வார தண்ணிய என் தோட்டம் குடிக்கும், எவ்வளவு வந்தாலும் குடிக்கும். கூட்டத்தைப் பெறவு போட்டுக்கிடுங்க."

"எல்லாரும் என்னைக் கேப்பா ஆன்ட்டி."

"என்கிட்ட அனுப்புங்க."

ஸ்ரீவத்சன் லிஃப்டின் பக்கம் திரும்பி, அடித்தளத்துக்குப் போகிற பொத்தானை அழுத்தினார். சண்முகவடிவு அடுப்பை அணைக்கச் சொல்லித் தனபாலனிடம் குரல் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"நில்லுங்க, நானும் வாரேன்," என்றாள். "நீங்க மூடுததை நான் கண்ணால பாக்கணும்."